கப்பலேறிப் போன தாத்தாவைத் தேடுவது எப்படி? பிறப்புப் பதிவேடு சொல்லும் கதை

1/
"எங்க தாத்தாவோட தாத்தா கப்பலேறிப் போனாராம். அப்புறம் திரும்பவே இல்ல. எங்க போனாரு, என்ன ஆனாரு, ஒண்ணும் தெரியாது."

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம் பல வீடுகள்ல இந்தப் பேச்சைக் கேட்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் டர்பன்லயும் மொரிஷியஸ்லயும் போய்க் கேட்டா இதையே திருப்பிச் சொல்லுவாங்க. "எங்க தாத்தாவோட தாத்தா திருச்சியிலேருந்து கப்பல்ல வந்தவராம். எந்தக் கிராமம்னு தெரியல."

இந்த ரெண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கக்கூடியது பல நேரங்கள்ல ஒரே ஒரு காகிதம் தான். பிறப்புப் பதிவு. அதைப் பத்தி தான் இந்த நீளமான இழை. கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படிங்க நண்பர்களே.

2/
இதுல அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்கலாம்.

பிறப்பு அறிக்கை கிளம்புற இடமே எங்க பிரசவ வார்டு தானே. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அம்மா பேரு, அப்பா பேரு, முகவரி. ராத்திரி டூட்டி பரபரப்புல பார்த்தா அது ஒரு பேப்பர் வேலை. அவ்வளவு தான்.

ஆனா அந்த நாலஞ்சு கட்டத்துல எழுதினதும், எழுதாம விட்டதும், பல லட்சம் குடும்பங்களோட தலையெழுத்தையே மாத்தியிருக்கு. மூணு இடத்து உதாரணம் சொல்றேன். முதல்ல தென்னாப்பிரிக்கா. அடுத்து இலங்கை. கடைசியா நம்ம திருச்சி.

3/
1860-ம் வருஷம் அக்டோபர் மாசம். மெட்ராஸ் துறைமுகத்திலேருந்து 'ட்ரூரோ'ன்னு ஒரு கப்பல் கிளம்புது. உள்ளே 342 பேர். நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையில இறங்குறாங்க. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இவங்க தான்.

1911 வரைக்கும் இப்படி நேட்டாலுக்குப் போனவங்க மொத்தம் 1,52,000-க்கும் மேல. அதுல சுமார் மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் வழியாப் போனவங்க. தமிழ், தெலுங்கு பேசுறவங்க. மீதிப் பேர் கல்கத்தா வழியாப் போனாங்க.

4/
ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு நேரா பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உயரம், உடம்புல இருக்கிற அடையாளம்.

கடைசியா சொன்னதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்துடுச்சு. இன்னைக்கும் விபத்து கேஸ் வந்தா பதிவேட்டுல நாங்க ரெண்டு அங்க அடையாளம் எழுதுவோம். வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்காலில் தழும்பு.. இப்படி. 160 வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸ் டிப்போவுலயும் அதே வேலை நடந்திருக்கு. அந்தத் தழும்பை எழுதி வெச்சது தான் இன்னைக்கு ஒரு கொள்ளுப்பேத்திக்குத் தன் பூட்டனோட உடம்பைப் பத்திக் கிடைக்கிற ஒரே தகவல்.

5/
சரி.. இதுல பிறப்புப் பதிவு எங்க வருது?

நேட்டால்ல 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்'னு ஒரு அதிகாரி இருந்தார். தொழிலாளர்களோட பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அவரோட அலுவலகத்துல பதிவாகும். குழந்தை பிறந்தா பெற்றோர் பெயரோட அவங்க எண்ணும் சேர்ந்து பதிவாகும்.

இது ஏதோ வரலாற்று ஆர்வத்துல செஞ்சது இல்ல. யார் எந்த முதலாளிகிட்ட ஒப்பந்தத்துல இருக்காங்க, எத்தனை வருஷம் பாக்கின்னு கணக்கு வெக்க வேண்டியிருந்துச்சு. மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி மனுஷனுக்கு எண் போட்டாங்கன்னு சொன்னாலும் தப்பில்ல.

ஆனா வேடிக்கை பாருங்க. முதலாளி தன் கணக்குக்காகப் போட்ட அந்த எண் தான் இன்னைக்குப் பேரப்பிள்ளைகள் கையில சாவியா இருக்கு.

6/
தேடுற முறை இது தான்.

உங்க பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் இருக்கும். அதை வெச்சு அப்பாவோட பிறப்புப் பதிவு. அதை வெச்சுத் தாத்தாவோடது. இப்படிப் படிப்படியாப் பின்னாடி போனா ஒரு இடத்துல பெயருக்குப் பக்கத்துல எண் வரும். அந்த எண்ணைக் கப்பல் பட்டியல்ல தேடினா கப்பல் பேரு, வந்த வருஷம், தகப்பன் பேரு, கிராமம்.. எல்லாம் ஒரே வரியில வந்து நிக்கும்.

ஒரு படியைத் தாண்டிக் குதிச்சா வழி மாறிடும். ஏன்னா பட்டியல்ல முனுசாமியும் ராமசாமியும் ஆயிரக்கணக்குல இருக்காங்க. பெயரை மட்டும் வெச்சுத் தேடினா வேற யாரோ ஒருத்தரோட தாத்தாவை நம்ம தாத்தான்னு கும்பிட்டுட்டு வர வேண்டியது தான். மருத்துவத்துல மாதிரி தான். ஒரே பேர்ல ரெண்டு நோயாளி இருந்தா உள்நோயாளி எண்ணைப் பார்க்காம ரத்தம் ஏத்த மாட்டோம் இல்லையா?

7/
இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில ஏத்தி வெச்சதுல டர்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முக்கியமா பேராசிரியர் சுரேந்திர பானா.

மொரிஷியஸ்ல இதே வேலைக்கு மோக்கா ஊர்ல இருக்கிற மகாத்மா காந்தி நிறுவனம். 1834-லேருந்து சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் அந்தத் தீவுல இறங்கினாங்க. அவங்களோட பதிவேடுகள் அங்க பாதுகாப்பா இருக்கு. 1860-களுக்குப் பிறகு வந்தவங்கள்ல பலருக்குப் புகைப்படமே இருக்கு! தாத்தாவோட தாத்தா முகத்தைப் பார்க்கிற கொடுப்பினை நம்மள்ல எத்தனை பேருக்கு இருக்கு சொல்லுங்க?

8/
கிராமம் பேர் கிடைச்சாச்சு, அடுத்த ஃப்ளைட் திருச்சிக்குன்னு அவசரப்படக் கூடாது. உண்மையான சிக்கலே அங்க தான் ஆரம்பம்.

நான் இருக்கிற காட்டூரையே எடுத்துக்குங்க. தஞ்சாவூர் ரோட்டுல, திருவெறும்பூர் போற வழியில இருக்கு. கோயம்புத்தூர்லயும் ஒரு காட்டூர் உண்டு. திருவாரூர் பக்கத்துல ஒரு காட்டூர். திருவள்ளூர் மாவட்டத்துல மீஞ்சூர் பக்கம் ஒரு காட்டூர். இன்னும் தேடினா இன்னும் கிடைக்கும்.

இதுல எழுதினவர் ஆங்கிலத்துல எழுதியிருப்பார். ஆங்கிலத்துல காட்டூர், கட்டூர், காத்தூர் மூணுக்குமே கிட்டத்தட்ட ஒரே எழுத்து தான் வரும். மாவட்டமும் வட்டமும் சேர்த்துப் படிச்சா தான் சரியான காட்டூருக்குப் போக முடியும். வெறும் ஊர்ப் பேரு போதாது.

9/
பேர்லயும் இதே கூத்து.

நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரோட முதல் எழுத்து தான் இனிஷியல். வெள்ளைக்காரன் பதிவேட்டுல 'குடும்பப் பெயர்'னு ஒரு கட்டம் இருந்தா அங்க என்ன எழுதுறது? சிலருக்கு அப்பா பேரு போச்சு. சிலருக்குச் சாதிப் பட்டம் போச்சு. பிள்ளை 'பிள்ளே' ஆச்சு. முதலி 'மூட்லி' ஆச்சு. கவுண்டர் 'கோவெண்டர்' ஆச்சு.

பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ரீயூனியன்ல எழுத்து இன்னும் மாறிடும். முத்துங்கிற மூணு எழுத்துப் பேரையே பிரெஞ்சுல எழுதினா நம்மால சட்டுனு கண்டுபிடிக்க முடியாது. அதனால பேரைக் கண்ணால படிக்காதீங்க. வாய்விட்டுச் சத்தமாச் சொல்லிப் பாருங்க. உள்ளே இருக்கிற தமிழ்ப் பேர் காதுல விழும்.

10/
இவ்வளவு தூரம் போய் ஒரு ஊர்ப் பேரைத் தேடணுமான்னு சிலர் கேட்கலாம்.

தில்லையாடி வள்ளியம்மை பேரை எல்லாருக்கும் தெரியும். காந்தியோட தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போய், உடம்பு கெட்டு, வெளியே வந்து 1914-ல இறந்துபோன பொண்ணு. வயசு 16. அவங்க பிறந்தது ஜோகன்னஸ்பர்க்ல. தில்லையாடி நம்ம தரங்கம்பாடி பக்கத்துல இருக்கிற கிராமம், பெற்றோர் வழியில வந்த ஊர். பிறந்ததும் இறந்ததும் தென்னாப்பிரிக்கா. ஆனா நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பொண்ணு பேருக்கு முன்னாடி நிக்கிறது தில்லையாடி தான்.

ஊர்ப் பேருங்கிறது முகவரி மட்டும் இல்லன்னு புரியுதா?

11/
இப்ப ரெண்டாவது கதை. இது கொஞ்சம் கனமானது.

நேட்டாலை விடப் பல மடங்கு அதிகமா நம்ம ஆளுங்க போன இடம் இலங்கை. முதல்ல காப்பித் தோட்டம், பிறகு தேயிலை, ரப்பர். நம்ம திருச்சி மாவட்டம் இதுல முக்கியமான இடம். தோட்ட முதலாளிகள் சேர்ந்து 1904-ல 'இலங்கைத் தொழிலாளர் ஆணையம்'னு ஒண்ணை ஆரம்பிச்சப்போ அதுக்குத் தலைமையிடமா வெச்சது திருச்சியைத் தான். இங்கிருந்து ஆள் சேர்த்து, ரயில்ல அனுப்பி, பிற்காலத்துல மண்டபம் முகாம்ல நிறுத்தி, நோய் இருக்கான்னு பார்த்து, தடுப்பூசி போட்டு, கடலைத் தாண்டி அனுப்பினாங்க.

12/
ஆனா இலங்கைக்குப் போன முறை வேற. அங்க கங்காணி முறை. ஊர்லேருந்தே ஒரு கங்காணி சொந்தக்காரங்களையும் தெரிஞ்சவங்களையும் கூட்டிட்டுப் போவார். ரொம்ப காலத்துக்கு வள்ளத்துல மன்னார் கரை, அங்கிருந்து காட்டு வழியா மலைநாட்டுக்கு நடை. வழியில காலராவுலயும் காய்ச்சல்லயும் செத்தவங்க ஏராளம்.

நேட்டால் மாதிரி தகப்பன் பேரு, கிராமம், தழும்பு எல்லாம் எழுதின கப்பல் பட்டியல் இந்த நடைபாதைக்குக் கிடையாது. இவங்களைப் பத்திக் கவனமா எழுதி வெச்சது ஒண்ணு உண்டு. கடன். அதுக்குப் பேரு 'துண்டு'. இந்த ஆள் இவ்வளவு பாக்கி, அதைக் கட்டினா வேற தோட்டத்துக்கு விடுறோம்னு எழுதின சீட்டு. 1921-ல தான் அதை ஒழிச்சாங்க.

13/
ஒரு ஒப்பீடு சொல்றேன். காட்டூருக்குப் பக்கத்துலயே பொன்மலை ரயில்வே காலனி இருக்கு. பிரிட்டிஷ் காலத்துல மெட்ராஸ் மாகாணத்துல இருந்த ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள்ல குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தா, சர்ச் பதிவேட்டோட நகல் லண்டனுக்கே போகும். இன்னைக்கும் பிரிட்டிஷ் நூலகத்துல அது இருக்கு. கப்பல்ல வந்த மாலுமி, சிப்பாய், ரயில்வே ஊழியர் யாரா இருந்தாலும் வாரிசுகள் தேடிக் கண்டுபிடிச்சிடலாம்.

கடல் தாண்டி வந்தவனோட பிள்ளைக்கு லண்டன்ல நகல். கடல் தாண்டிப் போனவனோட பிள்ளைக்குத் துண்டுச் சீட்டு.

14/
இதோட விளைவு 1948-ல வந்துச்சு.

இலங்கை சுதந்திரம் வாங்கின அதே வருஷம் குடியுரிமைச் சட்டம். சட்ட வரிகள்ல எந்த இனத்தோட பேரும் இல்ல. கேட்டது இவ்வளவு தான். நீ இலங்கையில பிறந்தவனா இருந்தா, உன் அப்பா இலங்கையில பிறந்தவர்னு காட்டு. இல்லன்னா தாத்தாவும் பூட்டனும் இங்க பிறந்தவங்கன்னு காட்டு. நீ வெளியே பிறந்திருந்தா ரெண்டு தலைமுறைக்குக் காட்டு.

அதாவது.. அப்பாவோட பிறப்புச் சான்றிதழ் எங்க?

15/
கணக்குப் போட்டுப் பாருங்க. 1948-ல ஒருத்தருக்கு 30 வயசுன்னா அவர் பிறந்தது 1918. அவங்க அப்பா பிறந்தது தோராயமா 1893. இலங்கையில பிறப்புப் பதிவு 1867-ல ஆரம்பிச்சாலும் கட்டாயமானது 1897-ல தான். கட்டாயமே இல்லாத காலத்துல, மலை உச்சியில லயன் அறையில, மருத்துவச்சி கையில பிறந்த குழந்தைக்கு யார் போய்ப் பதிவு பண்ணியிருப்பாங்க?

இன்னொண்ணு. ஒரு டாக்டரா எனக்கு இது தான் மனசை அறுக்குது. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலங்கிறது நம்ம வழக்கம். மூணு தலைமுறையா மலைநாட்டுலேயே உழைச்ச குடும்பமா இருந்தாலும், பிரசவத்துக்குன்னு மருமகள் தாய் வீட்டுக்குக் கடலைத் தாண்டி வந்திருந்தா, பிறந்த இடம்ங்கிற கட்டத்துல இந்தியா. அந்தக் குழந்தை சட்டப்படி 'வெளியே பிறந்தவன்'. அம்மா வீட்டுச் சோறும் மருந்தும் சாப்பிட வந்ததுக்கு இவ்வளவு பெரிய விலை.

16/
மறு வருஷம், 1949-ல, இத்தனை வருஷம் தொடர்ந்து குடியிருந்தவங்க விண்ணப்பிக்கலாம்னு இன்னொரு சட்டம் வந்துச்சு. சுமார் 8,25,000 பேருக்கு விண்ணப்பம் போச்சு. குடியுரிமை கிடைச்சது சுமார் 1,34,000 பேருக்கு. 'தொடர்ந்து இருந்தேன்'னு காட்டவும் காகிதம் தானே வேணும்?

வாக்காளர் பட்டியல்ல பேர் போச்சு. கோடகன் பிள்ளைங்கிறவர் வழக்குப் போட்டு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார். 1953-ல அங்கேயும் தோல்வி.

17/
1964 அக்டோபர் 30. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். நாடில்லாம நின்ன 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம்னு கையெழுத்து. 1974-ல அந்த மீதியையும் பாதிப் பாதியாப் பிரிச்சாங்க. அந்த மக்கள்கிட்ட யாரும் கேட்கல.

தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரத்துல இறங்கினவங்கள்ல பலருக்குத் தமிழ்நாடு அது தான் முதல் தடவை. 'தாயகம் திரும்பியோர்'னு பேர் வெச்சோம். அவங்களுக்கு வேலை கொடுக்கத் தான் 1968-ல நீலகிரியில அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கினாங்க. அது தான் இன்னைக்கு இருக்கிற டான்டீ. இலங்கையிலேயே தங்கி, நாடில்லாம மிச்சம் இருந்தவங்களுக்கு 2003-ல தான் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தாங்க. 1948-லேருந்து எண்ணினா 55 வருஷம்!

18/
மூணாவது கதை நம்ம திருச்சி.

1983 கலவரத்துக்கு அப்புறம் இலங்கைத் தமிழர்கள் அகதிகளா வந்தாங்க. அப்படி வந்த பெற்றோருக்கு 1986-ல மண்டபம் முகாம்ல ஒரு பெண் குழந்தை பிறந்துச்சு. யாரோ ஒருத்தர் அந்தப் பிறப்பை ஒழுங்கா, தேதி போட்டு, இடம் போட்டுப் பதிவு பண்ணியிருந்தாங்க.

அந்தக் குழந்தை வளர்ந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல வசிக்கிறவங்க. பாஸ்போர்ட் கேட்டப்போ கிடைக்கல. கோர்ட்டுக்குப் போனாங்க. நம்ம குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26-லேருந்து 1987 ஜூலை 1-க்கு முன்னாடி வரைக்கும் இந்திய மண்ணுல பிறந்தவங்க, பெற்றோர் எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். 2022-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல அவங்க ஓட்டும் போட்டாங்க.

38 வயசுல முதல் ஓட்டு. அதுக்கு ஆதாரம் மண்டபத்துல யாரோ எழுதின ஒரு வரி.

19/
இப்ப மூணையும் சேர்த்துப் பாருங்க.

நேட்டால்ல எழுதி வெச்சாங்க. பேரப்பிள்ளைகள் ஊரைக் கண்டுபிடிக்கிறாங்க. இலங்கை மலையில எழுதி வெக்கல. பேரப்பிள்ளைகள் நாட்டையே இழந்தாங்க. மண்டபத்துல எழுதி வெச்சாங்க. ஒரு பொண்ணுக்கு நாடு கிடைச்சது.

இது பழைய கதை மட்டும் இல்ல. மொரிஷியஸ்ல 7-வது தலைமுறை இந்திய வம்சாவளியினருக்கும் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை' கிடைக்க வழி பண்றோம்னு 2024 மார்ச்சுல நம்ம குடியரசுத் தலைவர் அங்க போய் அறிவிச்சார். 7 தலைமுறையை நிரூபிக்கிறதுக்கு என்ன வேணும்? அதே பழைய பதிவேடு தான்.

20/
உங்க குடும்பத்துல கடல் தாண்டிப் போனவங்க இருந்தா இதைச் செய்யுங்க.

வீட்டுல வயசானவங்க இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்க. போனவர் பேர், அவங்க அப்பா பேர், கூடப் போனவங்க யாரு, எந்தத் துறைமுகம், தோட்டத்தோட பேரு. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க.

குலதெய்வம் எது, கோயில் எந்த ஊர்னு எழுதுங்க. வெளிநாட்டுலேருந்து தேடி வர்றவங்களுக்கு ஊர்ப் பேர் மறந்திருக்கும். சாமி பேர் மறந்திருக்காது.

பழைய கடிதம், மணியார்டர் ரசீது, பாஸ்போர்ட், சர்ச் ஞானஸ்நானச் சீட்டு எதையும் போகிக்குத் தூக்கிப் போடாதீங்க. கண்ணாடிக் காகிதம் ஒட்டி லேமினேட் பண்ணவும் வேண்டாம். ஸ்கேன் பண்ணி வெச்சுட்டு, அசலைக் காத்தோட்டமான, ஈரமில்லாத இடத்துல வைங்க.

21/
கடைசியா டாக்டரா ஒரு வேண்டுகோள்.

ஆஸ்பத்திரியில குழந்தை பிறந்தா 21 நாளுக்குள்ள பதிவாகணும். பேர் வெக்கலன்னாலும் பதிவு நடந்திடும். பேரை 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேர்க்கலாம். அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம். 'ஸ்கூல்ல சேர்க்கும்போது பார்த்துக்கலாம்'னு விட்டுடாதீங்க. 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கூல், ஓட்டுரிமை, டிரைவிங் லைசென்ஸ், அரசு வேலை எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரமே பிறப்புச் சான்றிதழ் தான்.

நர்ஸ் அம்மா படிவத்தோட வரும்போது "ஏதோ ஒண்ணு எழுதிக்குங்க சிஸ்டர்"னு சொல்லாதீங்க. பேரோட எழுத்து ஒவ்வொண்ணையும் சரிபாருங்க. நிரந்தர முகவரி கேட்கிற இடத்துல வாடகை வீட்டு விலாசத்தைப் போடாம சொந்த ஊரை முழுசா எழுதுங்க. கிராமம், வட்டம், மாவட்டம். காட்டூர்னா எந்தக் காட்டூர்னு சொல்லுங்க.

இன்னைக்கும் நம்ம பிள்ளைங்க திருச்சி ஏர்போர்ட்லேருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு கடல் தாண்டிப் போயிட்டு தான் இருக்காங்க. இன்னும் நூறு வருஷம் கழிச்சு அவங்களோட கொள்ளுப்பேத்தி யாராவது நம்ம ஊரைத் தேடுவா. அவளுக்கு வழி தெரியணும்.

உங்க வீட்டுக் கப்பலேறின தாத்தா, பாட்டி கதை இருந்தா கீழே எழுதுங்க. ஊர், வட்டம், மாவட்டத்தோட!